ஊர்விட்டு வந்த தெய்வங்கள்

கரந்தையில் வெகுகாலமாகக் கவனிப்பாரின்றி வெட்டவெளியில் கிடந்த பிரம்மதேவரின் கற்சிலையொன்றைக் கல்கத்தா அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று 1951ஆம் ஆண்டில் வேண்டுகோள் வந்தபோது, அதுநாள்வரை அதை ஏறெடுத்தும் பாராமல் அதன் பக்கமாகவே போய்வந்துகொண்டிருந்த ஊரார், "இது எங்கள் ஊர்ச் சிலை, எங்கேயும் அனுப்ப மாட்டோம்" என்று மறித்து நின்றார்கள் என்றும், அந்தப் பிடிவாதத்திலிருந்துதான் தஞ்சைக் கலைக்கூடம் பிறந்தது என்றும் தஞ்சாவூரில் சொல்வதுண்டு. கேட்பாரற்றுக் கிடந்தவரையில் கல். இன்னொருவர் கேட்டவுடனே கடவுள்! இதை நான் பரிகாசமாகச் சொல்வதாகக் கரந்தைவாசிகள் எண்ணிவிடக் கூடாது. தமிழுக்கென்று 1911ஆம் ஆண்டிலேயே ஒரு சங்கம் கண்ட ஊர் அது. தம்முடையது எது என்பதைச் சற்றுத் தாமதமாக உணர்ந்தாலும், உணர்ந்த பிறகு விட்டுக்கொடுக்காத ஜனங்கள் அவர்கள். அவர்கள் பக்கத்தில் நியாயம் இருப்பதைக் கண்ட அன்றைய கலெக்டர், ஒரு பிரம்மாவை மட்டும் தடுத்து நிறுத்துவதோடு திருப்தி அடையாமல், ஜில்லா முழுவதும் வயல் வரப்பிலும் குளக்கரையிலும் இடிந்த பிராகாரங்களிலும் அநாதையாகக் கிடக்கும் விக்ரகங்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துக் காப்பாற்றத் தீர்மானித்ததன் பலனாக, அதே ஆண்டில் அரண்மனையின் ஒரு பகுதியிலே கலைக்கூடம் ஸ்தாபிதமாயிற்று.

1851ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தோடு வைத்துப் பார்த்தால் இது சிறிய ஸ்தாபனம்தான். நின்று நிதானித்துப் பார்க்கிறவருக்கும் ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் உலகத்துப் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு வாய்க்காத ஒரு பாக்கியம் இதற்கு வாய்த்திருக்கிறது. லண்டனிலோ பாரிசிலோ சோழர் காலத்துச் செப்புத் திருமேனி ஒன்றின் முன்னால் நிற்கிற மனிதர் எவ்வளவு ரசிகராக இருந்தாலும், அவருக்கும் அந்தத் திருமேனிக்கும் இடையே கண்ணாடிப் பெட்டி மட்டுமின்றிக் கடலும் கிடக்கிறது. தஞ்சைக் கலைக்கூடத்துக்குள் நுழைகிறவர்களிலோ பாதிப் பேர் அங்கே நிற்கிற மூர்த்திகளுக்கு ஏதோ ஒரு வகையில் உறவினர். சீர்காழிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, பெரிய கோயிலைச் சேவித்துவிட்டு, வெயிலுக்கு ஒதுங்க இடம் தேடி உள்ளே வந்த குடியானவர், பீடத்தடியில் எழுதியிருக்கிற "திருவெண்காடு" என்னும் ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அட, நம்ம பக்கத்துச் சாமியில்ல!" என்று பின்னால் வருகிற சம்சாரத்தைக் கூப்பிடும்போது, அந்தக் குரலில் தொனிக்கிற சொந்தத்தை எந்த ஆராய்ச்சி நூலும் தந்துவிட முடியாது.

கலைக்கூடம் இருக்கிற கட்டடத்துக்கும் ஒரு கதை உண்டு. பதினாறாம் நூற்றாண்டிலே நாயக்கர்கள் கட்டத் தொடங்கி, அவர்களுக்குப் பின் வந்த மராட்டிய அரசர்கள் தங்கள் மனம்போனபடி விஸ்தரித்துக்கொண்டே போனதால், எது எவர் கட்டியது என்று சட்டென்று சொல்ல முடியாதபடி முற்றங்களும் தாழ்வாரங்களும் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த அரண்மனை இது. 1855ஆம் ஆண்டில் ஆண் வாரிசின்றி இரண்டாம் சிவாஜி காலமானதும் ராஜ்யம் கும்பினியார் கைக்குப் போயிற்று. தர்பார் மண்டபங்கள் வெறிச்சோடின. ஒருநூறு ஆண்டு காலம் வௌவாலுக்கும் புறாவுக்கும் விட்டுவைத்திருந்த மண்டபத்திலே தெய்வங்கள் வந்து கொலுவிருக்க வேண்டும் என்பது விதி போலும். நாயக்கர் தர்பார் மண்டபத்தின் நடுவே இரண்டாம் சரபோஜி மன்னரின் வெண்பளிங்குச் சிலை நிற்கிறது. இங்கிலாந்தின் பிரசித்தி பெற்ற சிற்பியாகிய பிளாக்ஸ்மன் செதுக்கியது அது. பக்கத்திலேயே உள்ள சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்துப் புகழ்பெற்ற அந்த வித்தியாப்பிரியர், தாம் ஒருநாளும் எதிர்பார்த்திராத இந்தப் பரிவாரத்தின் நடுவில் கைகுவித்து நிற்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

செப்புத் திருமேனிகள் இங்கே வந்து சேர்ந்த வழி விசித்திரமானது. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ, கோயில் திருப்பணிக்காகத் தரையைக் கிளறும்போதோ, மேட்டு நிலத்தைச் சமன்படுத்தும்போதோ கடப்பாரை "டங்" என்று எதன்மீதோ மோதுகிறது. மண்ணை விலக்கினால் பச்சைக் களிம்பேறிய ஒரு கை, பிறகு ஒரு தோள், பிறகு முகம். அரைநாழிகைக்குள் ஊர் கூடிவிடுகிறது. குடம் குடமாகத் தண்ணீர் வருகிறது, மஞ்சள் வருகிறது, யாரோ ஒருவர் பூமாலையோடு ஓடிவருகிறார், கற்பூரம் ஏற்றியாகிவிடுகிறது. இவ்வளவும் நடந்து முடிகிற சமயத்தில் கிராம அதிகாரியும், அவருக்குப் பின்னால் தாசில்தாரும், அவருக்குப் பின்னால் போலீசாரும் வந்து சேருகிறார்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பூமிக்கடியில் அகப்படும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். பத்து ரூபாய்க்கு இன்று ஒரு டீயும் கிடைக்காது என்பது வேறு விஷயம். சட்டத்தின் ஷரத்து அது. "சாமி எங்க ஊரிலேயே இருக்கட்டும் ஐயா, நாங்க கோயில் கட்டிக்கிறோம்" என்று ஊரார் மன்றாடுவதும், "பாதுகாப்பு வேண்டாமா?" என்று உத்தியோகஸ்தர்கள் சமாதானம் சொல்வதும், கடைசியில் விக்ரகத்தை வைக்கோல் பரப்பிய வண்டியில் ஏற்றிக் கருவூலத்துக்கு அனுப்பும்போது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் தஞ்சை ஜில்லாவில் எத்தனையோ கிராமங்களுக்குப் பழக்கமான காட்சி.

எவர் புதைத்தார்கள் என்ற கேள்விக்கு எல்லா ஊர்களிலும் ஒரே விடை இல்லை. 1311ஆம் ஆண்டில் மாலிக் காபூரின் படை தெற்கே வந்தபோதும், அதன்பின் நேர்ந்த பல குழப்பங்களின்போதும், அர்ச்சகர்களும் ஊர்ப் பெரியவர்களும் உற்சவ மூர்த்திகளை இரவோடிரவாக மண்ணுக்குள் மறைத்தார்கள் என்பதே பொதுவான அபிப்பிராயம். மறைத்தவர்கள் மாண்டுபோனார்கள், இடம் மறந்துபோயிற்று. காவிரிக் கரையின் ஈரமண் மட்டும் காப்பாற்றி வைத்திருந்தது.

இப்படித் திருவெண்காட்டில் 1950களில் வெளிப்பட்ட ரிஷபவாகன தேவர்தான் இந்தக் கலைக்கூடத்தின் சிகரம். இந்த ஒரு மூர்த்தியைப் பார்க்கவே கடல் கடந்து வருகிறவர்கள் உண்டு. முதலாம் ராஜராஜன் பட்டத்துக்கு வந்த இருபத்தாறாம் ஆண்டில், அதாவது கி.பி. 1011இல், கோலக்கவன் என்ற ஒருவர் இந்தத் திருமேனியை எழுந்தருளுவித்தார் என்பதைத் திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. மறு ஆண்டில் தேவியும் எழுந்தருளினாள். ஆண்டு இத்தனை துல்லியமாகத் தெரிகிற சோழர் காலச் செப்புத் திருமேனிகள் மிகச் சிலவே.

சுமார் மூன்றரை அடி உயரம். ஆயுதம் ஏந்தும் பின்கரங்கள் இல்லை. மனிதருக்கு உள்ளதுபோல் இரண்டே கரங்கள். ஒரு காலைத் திடமாக ஊன்றி மற்றொரு காலை அதன் குறுக்கே லேசாக வைத்து, மாட்டுக்காரப் பிள்ளை சாயங்கால வேளையில் தன் காளையின்மேல் கைபோட்டுச் சாய்ந்து நிற்கிற பாவனையில் பெருமான் நிற்கிறார். சடையை முண்டாசாகச் சுற்றியிருக்கிறது. அதன் மடிப்புகளுக்குள் பாம்பு நெளிகிறது. உதட்டோரத்தில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் தோன்றும்படியான ஒரு முறுவல். ஆனால் சாய்ந்து நிற்பதற்குரிய ரிஷபம் அங்கே இல்லை, கிடைக்கவே இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்தபதி வார்த்த காளை எங்கேயோ போய்விட்டது. அதன்மேல் வைத்த கை மட்டும் அப்படியே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குறையைப் பார்ப்பவர்களில் வெகு சிலரே குறையாக உணர்கிறார்கள். கை வளைந்திருக்கும் விதத்திலிருந்தே காளையின் உயரமும் திமிலின் பருமனும் மனத்துக்குத் தெரிந்துவிடுகின்றன. மாடு வைத்துப் பிழைக்கிற ஜனங்களுக்கு இதை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. "மாடு எங்கேப்பா?" என்று கேட்கிற பேரனுக்கு, "இங்கதான் நிக்குது, கையைப் பாத்தா தெரியல?" என்று பாட்டனார் ஒருவர் சொன்ன பதிலைச் சிற்பக்கலை நிபுணர்கள் எவராலும் சுருக்க முடியாது.

அதே திருவெண்காட்டிலிருந்து வந்தவர்தான் கல்யாணசுந்தரர். சிவபெருமான் பார்வதியின் கரத்தைப் பற்றுகிறார். தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கும் தமையனாகத் திருமால் நிற்கிறார். லக்ஷ்மி மணப்பெண்ணின் பின்னால் நின்று, மெதுவாக முன்னே செலுத்துகிறாள். தேவியின் தலை நாணத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. நிபுணர்கள் இந்தத் தொகுதியைப் பற்றிப் பேசும்போது பங்கங்கள், தாலப் பிரமாணம் என்று ஆரம்பிப்பார்கள். அது வேண்டியதுதான். ஆனால் கல்யாண மாதங்களில் இந்த இடத்தில் சற்று ஒதுங்கி நின்று பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் வேறோர் அலங்கார சாஸ்திரம் புலப்படும். அரக்குப் பட்டுச் சேலையும் புது மஞ்சள் கயிறுமாகப் பெரிய கோயிலுக்கு வந்திருந்த ஒரு மணப்பெண்ணை நிறுத்தி, அவளுடன் வந்த நடுத்தர வயது அம்மாள், "இங்க பாருடி, அண்ணிக்காரி எப்படி முதுகுல கைவச்சுத் தள்ளிவிடறா! நீ மணையில உக்கார மாட்டேன்னு நின்னப்ப நான் தள்ளினேன்ல, அதே மாதிரி" என்றாள். பெண் சிரித்துக்கொண்டு தலையைத் தாழ்த்தினாள். அந்தக் கணத்தில் வெண்கலத்திலும் உயிரிலும் ஒரே நாணம் இருந்தது என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். ஆயினும் அது உண்மை.

செருப்பு விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். கலைக்கூடத்தில் நிற்பவை பூஜையில் இல்லாத மூர்த்திகள். அபிஷேகம் இல்லை, நைவேத்தியம் இல்லை, தீபாராதனை இல்லை. இருந்தும் தர்பார் மண்டபத்தின் படியருகே வந்ததும் எவர் சொல்லாமலும் செருப்பைக் கழற்றுகிறவர்கள் நிறையப் பேர். சிலர் பீடத்தின் ஓரத்தில் காசு வைக்கிறார்கள். சிலர் தலையிலிருந்து ஒரு மல்லிகைச் சரத்தைக் கிள்ளி வைக்கிறார்கள். காவலாளுக்கு இது தர்மசங்கடம். தடுத்தால் பாவம், விட்டால் எண்ணெயும் குங்குமமும் உலோகத்தில் படிந்து திருமேனிக்குக் கேடு. "வணங்குங்க, தொடாதீங்கம்மா" என்று தணிந்த குரலில் சொல்லும் ஒரு மத்திய மார்க்கத்தை அனுபவசாலியான காவலர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகம் வேறு, ஆலயம் வேறு, இரண்டையும் குழப்பலாகாது என்று வாதிக்கிற அறிஞர்களை நான் அறிவேன். அவர்கள் வாதத்தில் தர்க்கம் இருக்கிறது. ஜனங்களின் மனம் மட்டும் அந்தத் தர்க்கத்துக்கு உட்படுவதில்லை. என்னைக் கேட்டால், உட்படாததே நல்லது என்பேன். கைகூப்பிப் பார்க்கிறவர் அதிக நேரம் பார்க்கிறார்.

கோயிலில் கிட்டாத ஒரு லாபமும் இங்கே உண்டு. கோயிலில் உற்சவ மூர்த்தியைப் பட்டும் கவசமும் மாலையுமாகத்தான் நாம் தரிசிக்கிறோம். முகமும் பாதமும் தவிர ஏதும் தெரிவதில்லை. அலங்காரம் கலைந்த இந்தச் சபையில்தான் இடையின் ஒசிவும், முழங்காலின் வளைவும், முதுகில் புரளும் சடைக்கற்றைகளும் கண்ணுக்குக் கிடைக்கின்றன. இதற்காகவே வருகிறவர்கள் சுவாமிமலை ஸ்தபதிகள். பெரிய கோயிலையும் தாராசுரத்தையும் எழுப்பிய சிற்பிகளின் சந்ததியார் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் அவர்கள், கலைக்கூடத்துக்குள் பேசுவது மிகக் குறைவு. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலையெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி உருவம் பிடித்து, காவிரியின் வண்டல் மண்ணை மேலே பூசி, பிறகு வயல் களிமண்ணைப் பொதிந்து, இரும்புக் கம்பியால் கட்டி, கருவைச் சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிற வித்தை அவர்களுடையது. கருவை உடைத்துத்தான் விக்ரகத்தை எடுக்க வேண்டுமாகையால் ஒரு கருவுக்கு ஒரே விக்ரகம். அச்சு அசலாக இரண்டாவது என்பது கிடையாது. மூர்த்தியின் உயரத்துக்கு நறுக்கிய தென்னோலைத் துண்டை மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்கிற ஒடியோலை அவர்களுக்கு அளவுகோல். சாஸ்திரத்தில் முகத்துக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு, துடைக்கு இவ்வளவு என்று எழுதிவைத்திருக்கிறது. எழுதிவைக்காத ஏதோ ஒன்று ரிஷபவாகனரின் இடுப்பில் இருக்கிறது. அதைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு போகத்தான் அவர்கள் வருகிறார்கள். பிள்ளைகளையும் அழைத்து வருகிறார்கள். வருங்காலத்தில் எந்தத் தேசத்துக் கோயிலிலோ எழுந்தருளப்போகும் ஒரு நடராஜரின் கால் வளைவு இந்த மண்டபத்தில் பிறந்ததாக இருக்கலாம்.

கற்சிலைகளின் பக்கத்தில் கூட்டம் குறைவு, அது நியாயமன்று. இரண்டாம் ராஜராஜன் காலத்தில் எழுந்த தாராசுரம் கோயிலிலிருந்து வந்த கஜசம்ஹார மூர்த்தியின் முன் நின்றால், யானைத் தோலைக் கிழித்துக்கொண்டு சுழலும் அந்த உடலின் வேகம் கருங்கல்லைக் காற்றாக்கிவிட்டதோ என்று தோன்றும். பிக்ஷாடனரைக் கண்டு மதிமயங்கிய ரிஷிபத்தினிகளும் அதே தாராசுரத்திலிருந்து வந்தவர்கள். இவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டமும் நடையுமாகப் போய் மொய்த்துக்கொள்வது எதை என்று நினைக்கிறீர்கள்? தரங்கம்பாடிப் பக்கத்துக் கடற்கரையில் எப்போதோ ஒதுங்கி, எப்படியோ இந்த அரண்மனைக்கு வந்து சேர்ந்துவிட்ட ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைத்தான்! ஆசிரியர்கள் அதட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் தாங்களும் வாயைப் பிளந்துகொண்டு அதைத்தான் பார்க்கிறார்கள். இதில் வருத்தப்பட ஏதுமில்லை. திமிங்கலத்துக்காக வந்த பிள்ளை திரும்பிப் போகும் வழியில் கஜசம்ஹாரரைத் தாண்டித்தானே போக வேண்டும்.

ஊராரிடமிருந்து தெய்வங்களைப் பிரித்து நகரத்தில் கொண்டுவந்து வைத்தது சரியா என்ற கேள்வி அவ்வப்போது எழுவதுண்டு. கரந்தையார் 1951இல் எழுப்பிய அதே உரிமைக் குரலை இன்று திருவெண்காட்டார் எழுப்பினால் என்ன பதில் சொல்வது? இதற்கு உணர்ச்சிவசப்பட்டு விடை கூறுவதில் பயனில்லை. பத்தூரில் 1976ஆம் ஆண்டு ஒரு தொழிலாளி மண்ணிலிருந்து எடுத்த நடராஜர் அதிகாரிகளுக்குத் தெரியாமலே கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே நீதிமன்றத்தில் ஆலயமே வாதியாக நின்று வழக்காடி, 1991ஆம் ஆண்டில்தான் அவர் திரும்பி வர முடிந்தது. சிவபுரத்து நடராஜரோ, பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் போலிக்கு மாற்றப்பட்டு அமெரிக்கா போய், 1986இல் மீண்டார். பூட்டும் காவலும் இல்லாத கிராமக் கோயில்களின் கதி இதுவாக இருக்கும்போது, பழைய தஞ்சை ஜில்லாவுக்குள்ளேயே, உறவினர்கள் காலையில் புறப்பட்டு வந்து பார்த்துவிட்டு மாலையில் ஊர் திரும்பக்கூடிய தூரத்தில், அந்தந்த ஊர்ப்பெயரோடு மூர்த்திகளை வைத்துக் காப்பது இரண்டு தீமைகளுக்கு நடுவே கிடைத்த நன்மை என்பதே என் முடிவு. கல்கத்தாவுக்குப் போயிருந்தால் பிரம்மாவுக்கும் பாதுகாப்புக்குக் குறைவிருந்திராது; ஆனால் அவரைப் பார்த்து "எங்க ஊரு" என்று சொல்ல அங்கே ஒருவர் இருந்திருக்க மாட்டார்.

ஆகவே ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் திருவிழாக் கணக்கில் பட்டாசுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்குகிற தொகையில் சிறு பகுதியை எடுத்து, ஒரு பஸ் அமர்த்தி, ஊர்ப் பிள்ளைகளையும் வயோதிகர்களையும் அழைத்துக்கொண்டு, உங்கள் பக்கத்திலிருந்து வந்த மூர்த்தியைப் பார்த்துவிட்டுப் போங்கள். எந்த ஆண்டில், எந்த இடத்தில், யார் கண்ணில் பட்டார் என்று ஊரில் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிற கிழவர் ஒருவர் இருந்தால் அவரை முன் ஆசனத்தில் உட்கார வையுங்கள்; அவர் சொல்வதைப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கலைக்கூடத்தாரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வரட்டும். பெரிய கோயிலைச் சுற்றிப் பார்க்க வருகிற மற்ற ஊர்க்காரர்களுக்கும் அதிகச் சிரமம் இல்லை. பழைய பஸ் நிலையத்திலிருந்து அரண்மனை நடந்து போகிற தூரம்தான்.